5,000 ரூபாய்க்குள் திருடினால் தண்டனை இல்லையா?

"கடையில் 5,000 ரூபாய்க்குள் திருடினால் தண்டனையே கிடையாது, கட்டிவைத்து அடிப்பதுதான் வழி" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். தப்பு அண்ணே. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா 303(2) பிரிவில் திருட்டுக்கு 3 ஆண்டு வரை சிறை உண்டு. சிறைக்குப் பதில் சமூக சேவை என்பது 5,000 ரூபாய்க்குள், முதல் முறை தண்டனை பெறுபவர் பொருளையோ விலையையோ திருப்பிக் கொடுத்தால்தான். அதுவும் தண்டனைதானே! இந்தப் பிரிவில் வரும் 5,000 ரூபாய்க்குள்ளான திருட்டை மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாது என்பது உண்மை. வில்லாபுரத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் எனக்கும் அந்த எரிச்சல் உண்டு. ஆனால் அடித்தால் வழக்கு நம்மேல்தான் பாயும். போன மாதம் ஒரு பாட்டியின் முந்தானையில் அரைக்கிலோ துவரம்பருப்பு. எடுத்துக் கொடுக்கும்போது அவர் கை நடுங்கியது. எப்படி அடிப்பது? அப்புறம் பருப்பையும் எண்ணெயையும் கல்லாவுக்குப் பக்கத்தில் மாற்றிவிட்டேன். இதுவரை ஒரு பாக்கெட்கூடக் குறையவில்லை.