நான் அழுதது ஒரு செடிக்காகவா?

“மாமா, நடுவில் 65 புத்தகங்களைக் காணவில்லை” என்று அக்கா மகன் வந்து நின்றான். ஒரு கையில் அமெரிக்க மார்வெல் நிறுவனத்தின் குங்ஃபூ நாயகன் அயர்ன் ஃபிஸ்டின் 2017 காமிக்ஸ் தொடர், ஏழாம் இதழ். மறு கையில் அதற்கு அடுத்த இதழ். அதன் அட்டையில் அச்சாகியிருக்கும் எண் 73.

அலமாரியை நான் எப்படி வைத்திருக்கிறேன் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். திருமணப் பத்திரிகையைத் தொலைத்திருக்கிறேன், ரேஷன் அட்டையைத் தொலைத்திருக்கிறேன், காமிக்ஸ் இதழ் ஒன்றைக்கூடத் தொலைத்ததில்லை. பதினான்கு வயதுப் பையன் வந்து 65 இதழ்களுக்குக் கணக்குக் கேட்கிறான். “தொலையவில்லையடா, ஏழுக்கு அடுத்தது எழுபத்து மூன்றுதான்” என்றேன். கணக்குப் பரீட்சையில் தோற்றவனைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

மளிகைக் கடை ரசீதின் பின்பக்கத்தில் பென்சிலால் போட்டுக் காட்டினேன். 1975-இல் தொடங்கிய தொடர் 15 இதழ்கள். 1996-இல் இரண்டே இரண்டு. 1998-இல் மூன்று. 2004-இல் ஆறு. 2006-இன் இறுதியில் தொடங்கியது 27. 2014-இல் 12. 2017-இல் 7. கூட்டினால் 72. ஆகவே அடுத்தது 73. விற்பனை சரியும்போதெல்லாம் எண்ணை அழித்துவிட்டு ஒன்றிலிருந்து தொடங்குவார்கள். பிறகு ஒரு நாள் பழம்பெருமை நினைவுக்கு வந்து, அழித்ததையெல்லாம் கூட்டி அட்டையில் போடுவார்கள். 2017-இல் மார்வெல் தன் தொடர்கள் பலவற்றுக்கும் இதைத்தான் செய்தது.

பையன் கூட்டலைச் சரிபார்த்தான். சரியாக வந்தது. பிறகு அலமாரிக்குக் கீழே இருக்கும் பெட்டியைக் காட்டி, “அதில் இருப்பது எந்தக் கணக்கில் வருகிறது?” என்றான்.

அங்கேதான் எனக்கு வயிறு எரியத் தொடங்குகிறது. அந்தப் பெட்டியில் இருப்பது பவர் மேன் அண்ட் அயர்ன் ஃபிஸ்ட். 1978 முதல் 1986 வரை, 50-ஆம் எண்ணிலிருந்து 125 வரை, மொத்தம் 76 இதழ்கள். அயர்ன் ஃபிஸ்ட் என்ற பட்டத்துக்குள் இருக்கும் டேனி ராண்ட் என்கிற மனிதன் உண்மையில் வாழ்ந்தது இந்த 76 இதழ்களில்தான். பவர் மேன் என்கிற லூக் கேஜோடு சேர்ந்து கூலிக்குக் காவல் வேலை பார்த்ததும், சண்டைக்கு நடுவே இருவரும் வம்பளந்ததும், பணக்கார வெள்ளைக்காரனும் சிறையிலிருந்து வந்த கறுப்பினத்தவனும் ஒருவரையொருவர் நம்பக் கற்றுக்கொண்டதும் இங்கேதான். இந்த 76-இல் ஒன்றுகூட அந்தக் கணக்கில் வராது. கேட்டால், அது லூக் கேஜின் 1972 தொடருடைய எண் வரிசை என்பார்கள். சரி. 1974 மே மாத மார்வெல் பிரீமியர் 15-ஆம் இதழில் ராய் தாமஸும் கில் கேனும் இவனைப் பிறப்பித்தார்களே, 25-ஆம் இதழ் வரை பதினொரு இதழ்கள் வளர்ந்தானே, அது? அதுவும் வராது. பிறந்த வீடு கணக்கில் இல்லை, குடித்தனம் நடத்திய வீடும் கணக்கில் இல்லை, இடையில் இரண்டு நாள் தங்கிய சத்திரம் மட்டும் கணக்கில் உண்டு!

(இவனை ஏன் தமிழில் இரும்புக்கை என்று எழுதக்கூடாது என்று யாராவது கேட்பார்கள். கூடாது. நமக்கு இரும்புக்கை என்றால் பழைய தமிழ்க் காமிக்ஸில் வந்த மாயாவி ஒருவர்தான். இருக்கிற குழப்பம் போதும்.)

இத்தனைக்கும் மூலக்கதை பாட்டி சொல்லும் கதைபோல் எளிமையானது. ஒன்பது வயதுச் சிறுவன் பெற்றோருடன் பனிமலை ஏறுகிறான். தந்தையைக் கூட வந்த தொழில் கூட்டாளியே பள்ளத்தில் விழவைக்கிறான். தாய் ஓநாய்க் கூட்டத்துக்குத் தன்னைக் கொடுத்து மகனைத் தப்பிக்க வைக்கிறாள். பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டும் இவ்வுலகில் தோன்றும் குன்-லுன் நகரம் அவனை ஏற்றுக்கொள்கிறது. இடிமுழக்கன் என்று பெயர்பெற்ற லே குங் அவனுக்குக் குங்ஃபூ கற்றுத் தருகிறார். பத்தொன்பது வயதில் ஷூ-லாவ் என்ற டிராகனை வென்று, அதன் கொதிக்கும் இதயத்தில் இரு கைகளையும் நுழைத்து ஆற்றல் பெறுகிறான். பழிவாங்கப் புறப்படுகிறான். இதில் எந்த இடத்தில் ஐயா உங்களுக்குச் சிக்கல் வந்தது?

வந்தது. 1977-இல் இவனுடைய சொந்தத் தொடர் 15-ஆம் இதழோடு நின்றுபோனது. கிறிஸ் கிளேர்மான்டும் ஜான் பைர்னும் அத்தனை மாதங்கள் ஏற்றிக்கொண்டு வந்த, டாவோஸ் என்ற எதிரியுடனான பகை முடிய வேண்டுமே? அது ஸ்பைடர்மேன் தலைகாட்டும் மார்வெல் டீம்-அப் 63, 64 இதழ்களில் முடிந்தது. பந்தி ஒரு மண்டபத்தில், பாயசம் அடுத்த தெரு மண்டபத்தில். சரி, அந்த 15-ஐயாவது முழுதாக வாங்கிவிடலாம் என்று பார்த்தால் 14-ஆம் இதழ் கைக்கு எட்டாது. அதில்தான் வுல்வரினின் பிற்காலப் பகைவன் சேபர்டூத் முதன்முதலில் வருகிறான். ஆகவே குங்ஃபூவை ஏறெடுத்தும் பார்க்காதவர்கள் அந்த ஒரு இதழை வாங்கிப் பிளாஸ்டிக் உறையில் அடைத்து வைத்துக்கொள்கிறார்கள். கதை படிக்க நினைப்பவனுக்கு 13-க்கு அடுத்தது 15.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது வேறொன்று.

பழைய புத்தகக் கடையில் ஈரம் ஏறிய கட்டு ஒன்றில் எனக்கு 125-ஆம் இதழ் கிடைத்தபோது எனக்குப் பையனைவிட இரண்டு வயது அதிகம். அதுதான் தொடரின் கடைசி இதழ் என்று தெரியாது. ஜிம் ஔஸ்லி எழுதியது. நோயுற்ற சிறுவன் ஒருவன் இருக்கிறான், பாபி. அவனுக்குள் கேப்டன் ஹீரோ என்ற அசுர பலம் இருக்கிறது. டேனி அயர்ந்து தூங்கிக்கொண்டிருக்கும்போது, தன் நிலையில் இல்லாத அந்தப் பிள்ளையின் கையாலேயே அடிபட்டுச் சாகிறான். டிராகனை வென்றவன் தூக்கத்தில் செத்தான். எதிரி இல்லை, சூழ்ச்சி இல்லை, கடைசி வசனம் இல்லை. கொலைப்பழி லூக் கேஜ் தலையில் விழுகிறது. பக்கத்தைப் புரட்டினேன், அவ்வளவுதான், முடிந்துவிட்டது. அன்று இரவு சாப்பிடக் கூப்பிட்ட அம்மாவிடம் தலைவலி என்று பொய் சொன்னேன். அப்படியொரு அர்த்தமற்ற சாவை அதுவரை எந்தப் படக்கதையும் எனக்குக் காட்டியதில்லை. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் எங்கள் தெருவில் ஒருவர் அப்படி, தூக்கத்தில், காரணமே இல்லாமல் போயிருந்தார். கதையும் உண்மை பேசும் என்று எனக்குத் தெரிய வந்தது அந்த இதழில்தான்.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு நண்பர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “செத்தது அவன் இல்லையே, அது ஒரு செடி.”

செடி! ஹில்த்ரி என்று குன்-லுனில் தாவர இனம் ஒன்று உண்டாம். அவர்கள் டேனியை உறங்க வைத்துவிட்டு, அவனைப் போலவே ஓர் உருவத்தை முளைக்க வைத்து அனுப்பினார்களாம். செத்தது அதுவாம். இது வெளிவந்தது எங்கே தெரியுமா? 1991, 92 வாக்கில், நேமோர் இதழ்களில். நேமோர் கடலுக்கடியில் இருக்கும் அட்லாண்டிஸின் அரசன். மலையுச்சியில் குங்ஃபூ கற்றவன் பிழைத்தெழுந்த செய்தியை அறிய நான் கடலில் குதித்திருக்க வேண்டும். எழுதி வரைந்தவர் வேறு யாருமில்லை, எழுபதுகளில் இவனை வரைந்த அதே ஜான் பைர்ன்தான். தான் வளர்த்த பிள்ளையை மீட்க நினைத்தார், அந்தப் பாசம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் மீட்டது டேனியை, போனது என் அழுகை.

எங்கள் கூட்டத்துக்கு இது விளங்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாலையில் நாலைந்து பேர் என் வீட்டு மொட்டைமாடியில் கூடுவது வழக்கம். எல்லோரும் நாற்பது தாண்டியவர்கள், ஒருவருக்கு மகளுக்கு வரன் பார்க்கிறார்கள். சென்ற வாரம் மூன்று மணி நேரம் நடந்த விவாதம் என்ன? ஆள் மாறியது எந்த இதழில்? ஒருவர் ஒரு எண் சொல்ல, இன்னொருவர் அதற்கு நான்கு இதழ் முன்னால் என்கிறார், மூன்றாமவர் டேனியின் முகவாய்க் கோடு எந்தப் பக்கத்திலிருந்து மாறுகிறது என்று கைபேசியில் பெரிதாக்கிக் காட்டுகிறார். ஓவியர் மாறினால் முகவாய் மாறாதா ஐயா? நான் கேட்டது ஒரே கேள்விதான்: கடைசி இதழ்களில் லூக்கோடு பேசிச் சிரித்தது யார்? செடியா? லூக் தோளில் கைபோட்டது செடியின் தோளிலா? அந்த நட்பின் கடைசி மாதங்களை ஒரு முருங்கைக் கொம்புக்கு எழுதி வைத்துவிட்டீர்கள், அதில் தேதி வேறு கேட்கிறீர்கள்!

அதில் ஒருவர் தமிழாசிரியர். “ஏன் கொதிக்கிறீர்கள்? கம்பனில் மாயாசீதை இல்லையா?” என்று மடக்கினார். நல்ல கேள்விதான், ஒரு நிமிடம் வாயடைத்துப் போனேன். பிறகுதான் சூடு ஏறியது. இந்திரசித்து அனுமன் கண்ணெதிரே வெட்டுவது மாயாசீதையை என்று கம்பன் கேட்பவனிடம் மறைக்கவில்லை. படலத்தின் பெயரே மாயாசீதைப் படலம். அனுமன் ஏமாறுகிறான், இராமன் துடிக்கிறான், நாம் ஏமாறவில்லை. உண்மை தெரிந்துகொண்டே அவர்கள் அழுவதைப் பார்க்கிறோம், அதுதான் அங்கே வேதனை. வீடணன் வண்டாக உருமாறிப் போய்ச் சீதை உயிரோடு இருப்பதைக் கண்டு வந்துவிடுகிறான், கதை அங்கேயே நேராகிறது. கம்பன் ஆறு ஆண்டு காத்திருந்து வேறொரு காப்பியத்தின் ஐந்தாம் படலத்தில் “செத்தது மாயை” என்று பாடவில்லை. இதைச் சொன்னதும் ஆசிரியர் தேநீரை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

வயது விவகாரத்தை எடுத்தால் இன்னும் மோசம். 1974-இல் இவனுக்கு வயது 19. 2008-இல் வந்த கதை ஒன்றில் 33-ஆம் பிறந்தநாள் கொண்டாடுகிறான். 34 ஆண்டுகளில் 14 வயது ஏறியிருக்கிறது. அது பரவாயில்லை, படக்கதை நாயகர்களுக்கு இறைவன் கொடுத்த வரம் அது. அந்த 14 ஆண்டுகளில் பத்தாண்டுக்கு ஒருமுறை திறக்கும் நகரம் எத்தனை முறை திறக்க வேண்டும்? ஒருமுறை. இவன் எத்தனை முறை போய் வந்தான் என்று நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். கேட்டால் ரகசிய வாசல் இருக்கிறது என்கிறார்கள். பேருந்து நிலையமா அது? ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தச் சமயத்தில் எட் புரூபேக்கர், மாட் ஃபிராக்ஷன், டேவிட் ஆஹா மூவரும் தொடங்கி வைத்த கதை மிக அருமை. இவனுக்கு முன்பே 65 பேர் அயர்ன் ஃபிஸ்டாக இருந்தார்கள், குன்-லுனையும் சேர்த்து அப்படி ஏழு நகரங்கள் உண்டு என்று புதிதாகச் சேர்த்தார்கள். அவர்களும் மாற்றத்தான் மாற்றினார்கள். ஆனால் பழையதில் எதையும் பொய்யென்று சொல்லவில்லை. பின்கட்டில் அறை கட்டினார்கள், முன்கட்டை இடிக்கவில்லை.

மார்வெலின் இன்னொரு குங்ஃபூ நாயகன் ஷாங்-சீ. அவனுடைய வாசகர்கள் வந்து எங்கள் கதையைக் கேள் என்பார்கள். கேட்டிருக்கிறேன். அவனும் பிறந்தது 15-ஆம் எண்ணில்தான். 1973 டிசம்பர் தேதியிட்ட ஸ்பெஷல் மார்வெல் எடிஷன் 15. முந்தைய 14-லும் மறுபதிப்புக் கதைகள். 17-இல் பத்திரிகையின் பெயரே மாஸ்டர் ஆஃப் குங்ஃபூ என்று மாறி, எண் மட்டும் தொடர்ந்து 125 வரை ஓடியது. முதல் இதழே இல்லாத தொடர். தந்தை ஃபூ மான்சூ, சாக்ஸ் ரோமர் என்ற ஆங்கில எழுத்தாளரின் பாத்திரம், உரிமம் பெற்றுப் பயன்படுத்தியது. உரிமம் போனதும் சொந்த மகன் தந்தை பெயரைச் சொல்ல முடியாமல் பல ஆண்டுகள் திரிந்தான். 2010-இல்தான் அவருடைய உண்மைப் பெயர் ஜெங் ஜூ என்று வைத்தார்கள். 2021 திரைப்படத்தில் தந்தை வென்வூ, கையில் பத்து வளையங்கள். அடுத்த ஆண்டே படக்கதையிலும் வளையங்கள் மகன் கைக்கு வந்து சேர்ந்தன. இதிலெல்லாம் எனக்குக் கோபம் இல்லை. ஒன்று சட்டத்தின் கட்டாயம், மற்றது வியாபாரம். அதைவிட, அந்தத் தந்தை இனவெறி கொண்ட கற்பனை. பெயர் போனது நல்லதே. யாருடைய கண்ணீரையும் அது பொய்யாக்கவில்லை.

அக்கா மகன் இதையெல்லாம் கேட்கவில்லை. அவன் கேட்டது, “எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?” அவ்வளவுதான். மாடிக் கூட்டத்திடம் கேட்டேன். ஒருவர் 2006 என்றார். ஒருவர் 1974 என்றார். ஒருவர் ஆறு வெவ்வேறு தொடர்களை இடையிடையே செருகிய பட்டியல் ஒன்றை அனுப்பினார், அதில் நேமோரும் இருந்தது. 2021-இல் டேனி ஆற்றலைக் கைவிட்டான், 2022-இல் லின் லியே என்பவன் அயர்ன் ஃபிஸ்ட் ஆனான், எனவே அங்கிருந்தே தொடங்கட்டும் என்றது நான்காவது குரல். பையன் பட்டியலைப் பார்த்துவிட்டு, “எனக்கு அரையாண்டுத் தேர்வு இருக்கிறது மாமா” என்றான்.

பெட்டியை இழுத்து அவன் முன்னால் வைத்தேன். 50-இல் தொடங்கு, வரிசையாகப் போ, வேறு எதையும் தேடாதே என்று சொல்லிவிட்டேன். லூக் கேஜை அவனுக்கு மிகவும் பிடித்துப்போய்விட்டது. டேனி செய்யும் அசட்டுத்தனங்களைச் சாப்பாட்டு நேரத்தில் தன் அம்மாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான். நேற்றிரவு 112-ஐ முடித்தான். இன்னும் பதின்மூன்று இதழ்கள் இருக்கின்றன.

மாடிக்கு வரும் பெரியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அதற்குள் எவராவது அவனிடம் செடி என்று வாயெடுத்தால் இனி என் வீட்டில் தேநீர் கிடையாது. இந்தப் பதிவைப் பற்றிக் கவலை இல்லை. மாமா எழுதுவதை எந்த மருமகன் படித்திருக்கிறான்?