படம் போட்டுச் சிரித்தவர்களுக்கு

நேற்று முன்தினம் நடந்ததை இங்கே பலரும் பார்த்திருப்பீர்கள். யார் போட்டது, யாருக்குப் போட்டது என்று மறுபடியும் கிளறப் போவதில்லை. தோழி ஒருத்தி, இனிமேல் ஒரு கம்பெனியின் பொருள் எதையும் வாங்க மாட்டேன் என்று காரணத்தோடு நான்கு வரி எழுதினாள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, அந்தப் படம் வந்து விழுந்தது. நடுவில் பத்துப் பெருநிறுவனங்கள், சுற்றிலும் நூற்றுக்கணக்கான பிராண்டுகள். "நீங்கள் மாறிப்போன பிராண்டும் அவர்களுடையதுதான்" என்று மேலே ஒரு வரி. அப்புறம் வரிசையாகச் சிரிப்புக் குறிகள். அதில் நான் மதிக்கிற ஆட்களும் இருந்தார்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அந்தப் படத்தைப் பற்றி. அது எங்கிருந்து வந்தது என்று பகிர்ந்தவர்களில் ஒருவராவது தேடிப் பார்த்தீர்களா? 2013-ல் ஆக்ஸ்ஃபாம் என்ற வறுமை ஒழிப்பு அமைப்பு 'பிஹைண்ட் த பிராண்ட்ஸ்' என்று ஒரு பிரசாரம் தொடங்கியது. நெஸ்லே, கோகோ கோலா, பெப்சிகோ, யூனிலீவர், மார்ஸ், மாண்டலீஸ், டானோன், கெல்லாக், ஜெனரல் மில்ஸ், அசோசியேட்டட் பிரிட்டிஷ் ஃபுட்ஸ் என்று பத்துப் பேரை எடுத்துக்கொண்டு நிலம், தண்ணீர், பெண்கள், சிறு விவசாயிகள், காலநிலை என்று ஒவ்வொன்றிலும் மதிப்பெண் போட்டார்கள். எந்தப் பெயருக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்று மக்களுக்குத் தெரியட்டும் என்பதற்காக அந்தப் பிரசாரத்தில் வரைந்த படம் அது. அந்த ஆண்டே, கரும்புக்காக மக்களின் நிலம் பறிக்கப்படுவதைப் பொறுத்துக்கொள்ள மாட்டோம் என்று கோகோ கோலா அறிவிக்க வேண்டி வந்தது. அடுத்த ஆண்டு பெப்சிகோவும் அறிவித்தது. ஆக்ஸ்ஃபாம் வாங்காதே என்று சொல்லவில்லை, கேள் என்றுதான் சொன்னது. சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேட்பதற்காக வரைந்த படத்தை, கேட்டவளின் வாயை அடைக்கவா கொண்டுவருவது?

வாங்க மாட்டேன் என்பது ஒரு பேரம். நீ இதை நிறுத்து, நான் திரும்பி வருகிறேன் என்கிற பேரம். அவ்வளவுதான். நீங்கள் அதைத் தன்னைச் சுத்தமானவள் என்று காட்டிக்கொள்ளும் வேலை என்று நீங்களாகவே முடிவு கட்டிவிட்டு, அப்புறம் அவள் சுத்தமில்லை என்று கண்டுபிடித்துச் சிரிக்கிறீர்கள். சுத்தமானவள் என்று அவள் எந்த வரியில் சொன்னாள்? இன்னொரு பிராண்டுக்கு மாறினாளா, மாறினால் அது யாருடையது என்பதெல்லாம் பேரத்துக்கு வெளியே உள்ள கதை. பேரம் பேசுகிறவர் எதிராளியிடம் வேறு எந்த வகையிலும் ஒட்டோ உறவோ வைத்திருக்கக் கூடாது என்று எங்காவது சட்டம் இருக்கிறதா?

இன்னும் சொல்லப் போனால், ஒரே முதலாளியின் கீழ் நூறு பிராண்டுகள் இருப்பது சில சமயம் கேட்கிறவர்களுக்குத்தான் வசதி. பிடித்து இழுக்க ஒரு பிடிக்குப் பதிலாக நூறு பிடிகள் கிடைக்கின்றன. கிழக்குப் பசிபிக் கடலில் சூரை மீன் பிடிக்கும் வலைகளில் டால்ஃபின்கள் சிக்கிச் செத்துக்கொண்டிருந்தன. ஒரு உயிரியலாளர் மீன்பிடிக் கப்பலில் வேலைக்காரர் போலச் சேர்ந்து அதைப் படம் பிடித்து வெளியே கொண்டுவந்தார். 1988-ல் அமெரிக்காவில் புறக்கணிப்பு தொடங்கியது. ஸ்டார்கிஸ்ட் என்ற சூரை மீன் பிராண்டின் அப்போதைய முதலாளி ஹெய்ன்ஸ். சாஸ் பாட்டில் ஹெய்ன்ஸ்தான். 1990 ஏப்ரலில் ஹெய்ன்ஸ் இறங்கி வந்தது: டால்ஃபின்களைக் கொன்று பிடிக்கும் மீனை இனி வாங்க மாட்டோம் என்றது. மற்ற இரண்டு பெரிய மீன் பிராண்டுகளும் அதே நாளில் பின்னாலேயே வந்துவிட்டன. வீட்டுக்கு வீடு தன் பெயர் எழுதிய பாட்டில் நிற்கிற நிறுவனத்துக்கு, இறந்த டால்ஃபினின் படம் அந்தப் பெயரோடு ஒட்டிக்கொள்வது பிடிக்கவில்லை. அவர்களுக்கு உறைத்தது அந்தப் பெயர்.

அமெரிக்காவின் மாண்ட்கமரி நகரில், பேருந்தில் இனப்பிரிவினையை எதிர்த்துக் கறுப்பின மக்கள் நடத்திய பேருந்துப் புறக்கணிப்பு எல்லோருக்கும் தெரியும். 1955 டிசம்பரில் தொடங்கி 381 நாள். அந்தப் பேருந்துகளை ஓட்டியது யார் என்று மட்டும் யாரும் பேசுவதில்லை. அது உள்ளூர்க் கம்பெனி இல்லை. சிகாகோவில் இருந்த நேஷனல் சிட்டி லைன்ஸ் என்ற, பல நகரங்களில் பேருந்து ஓட்டிய நிறுவனத்தின் கிளை. பயணிகளில் முக்கால்வாசிப் பேர் கறுப்பின மக்கள். அவர்கள் நடந்தார்கள். 1956 ஏப்ரலில், இனி பேருந்தில் இனப்பிரிவினையை நடைமுறைப்படுத்த வேண்டாம் என்று தலைமை நிறுவனமே ஓட்டுநர்களுக்கு உத்தரவு போட்டது. மேயர்தான் விடவில்லை, நீதிமன்றத் தடை வாங்கினார். கம்பெனி இறங்கியது, நகர நிர்வாகம் இறங்கவில்லை. கடைசியில் உச்ச நீதிமன்றத் தீர்ப்புதான் முடித்து வைத்தது. "பார்த்தாயா, சட்டம்தான் மாற்றியது, நடந்தவர்கள் இல்லை" என்று இப்போது ஒருவர் வருவார். ஐயா, வழக்குப் போட்டவர்களும் நடந்தவர்களும் ஒரே ஊரில் ஒரே போராட்டத்தில் இருந்தவர்கள். இரண்டையும் பிரித்து ஒன்றை மற்றொன்றுக்கு எதிராக நிறுத்துவது இங்கே உட்கார்ந்திருக்கிற நமக்குத்தான் முடியும்.

"ஒரு பிராண்டு போனால் அவர்களுக்கு என்ன குறைந்துவிடப் போகிறது" என்கிறார் இன்னொரு நண்பர். கணக்குத் தெரிந்தவர், தொழில் தெரிந்தவர், அவர் இப்படிப் பேசியதுதான் ஆச்சரியம். 2023-ல் பட் லைட் பீருக்கு நடந்ததைப் பாருங்கள். அந்தப் புறக்கணிப்பின் காரணம் எனக்கு அருவருப்பானது; ஒரு திருநங்கையை வைத்து விளம்பரம் செய்ததற்காக அவர்மேல் வெறுப்பைக் கொட்டினார்கள். அதில் நான் எதிர்ப் பக்கம். ஆனால் கேள்வி, வேலை செய்யுமா செய்யாதா என்பது. செய்தது. ஆண்டுக்கணக்காக அமெரிக்காவில் விற்பனையில் முதலிடத்தில் இருந்த பீர் அந்த இடத்தை இழந்தது. தாய் நிறுவனமான ஏபி இன்பெவுக்கு அந்த ஆண்டின் இரண்டாம் காலாண்டில் அமெரிக்க வருவாய் 10.5 சதவீதம் குறைந்தது. உலகிலேயே பெரிய பீர் நிறுவனம் அது. முதலிடத்தைப் பிடித்த மொடெலோ, அமெரிக்காவுக்கு வெளியே அதே ஏபி இன்பெவுடையது. உங்கள் படத்தின்படி இது நடந்திருக்கவே கூடாது, இல்லையா?

நான் ஒரு பெருநிறுவனத்தின் வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவள். பெயர் சொல்ல மாட்டேன். வருகிற கடிதம், மின்னஞ்சல், தொலைபேசி எல்லாவற்றையும் பிரித்து, வகை எழுதி, மேலே அனுப்புவதுதான் எங்கள் வேலை. மூடி உடைந்திருந்தது, நிறம் மாறியிருந்தது, எடை குறைவு, இவையெல்லாம் தொழிற்சாலைக்குப் போகும். ஒரு மாற்றுப் பொருளும் மன்னிப்புக் கடிதமும் அனுப்பினால் முடிந்தது. ஆனால் "உங்கள் தாய் நிறுவனம் இன்ன இடத்தில் இன்னது செய்கிறது, அதனால் வாங்குவதை நிறுத்திவிட்டேன், அதை நிறுத்தினால் திரும்ப வாங்குவேன்" என்று எழுதினால் அதற்குத் தனிக் கட்டம். அதற்கு நாங்களாகப் பதில் எழுதக் கூடாது. நகல் தலைமையகத்துக்குப் போயே ஆக வேண்டும்.

ஒருமுறை விற்பனைக் கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள், கோப்பைத் தூக்கிக்கொண்டு போக ஆள் இல்லாததால். ஒரு பிராண்டின் கோடு கீழே இறங்கியிருந்தது. மழை என்றார் ஒருவர். போட்டிக் கம்பெனி தள்ளுபடி கொடுத்தது என்றார் இன்னொருவர். எல்லோருக்கும் ஒரு காரணம் கையில் இருந்தது, எல்லாக் காரணமும் ஏற்கப்பட்டது. அப்புறம் என் கோப்பு மேசைக்கு வந்தது. மேலாளர் மஞ்சள் பேனாவால் சில வரிகளைக் கோடிட்டு, பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தக் கூட்டத்தில் அதற்குப் பிறகு வேறு எதையும் பேசவில்லை. விற்பனை குறைந்ததற்கு மழையைச் சொல்லலாம், கடிதத்துக்கு மழையைச் சொல்ல முடியாது. கடிதங்கள் அப்படி ஒன்றும் அதிகமில்லை, ஒரு மெல்லிய கோப்புதான். அதை என் கண்ணால் பார்த்தவள் நான். "ஒரு ஆள் வாங்காவிட்டால் அவர்களுக்குத் தெரியவா போகிறது" என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த மஞ்சள் கோடுதான் ஞாபகம் வருகிறது. தெரியும். எழுதினால் தெரியும்.

சரி, தோற்ற புறக்கணிப்புகள் இல்லையா? இருக்கின்றன, நிறையவே. 2020 ஜூலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விளம்பரதாரர்கள் வெறுப்புப் பேச்சைக் கட்டுப்படுத்தக் கோரி ஃபேஸ்புக்கில் விளம்பரத்தை நிறுத்தினார்கள். அந்த ஆண்டும் அதன் வருவாய் கூடத்தான் செய்தது. லட்சக்கணக்கான சிறு விளம்பரதாரர்களை நம்பி நடக்கும் கம்பெனியை, ஒரு மாதம் மட்டும் விலகி நிற்கிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு மிரட்டினால் அப்படித்தான் ஆகும். பேரம் பேசுகிறவர் எத்தனை மணிக்கு எழுந்து போவேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் எதிராளி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

பிரென்ட் ஸ்பாரை இழுப்பவர்களுக்கு: ஆமாம், 1995-ல் ஷெல் கடலில் மூழ்கடிக்கவிருந்த அந்த எண்ணெய்க் கிடங்கில் மீதமிருந்த எண்ணெயைப் பற்றி கிரீன்பீஸ் என்ற சூழலியல் அமைப்பு சொன்ன அளவு தவறு. அவர்களே மன்னிப்புக் கேட்டார்கள். ஆனால் ஜெர்மனியில் ஷெல் பெட்ரோல் நிலையங்களை மக்கள் ஒதுக்கியதால் ஷெல் பின்வாங்கியதும் உண்மை, பிரிட்டன் அரசு ஷெல்லின் பக்கம் நின்றபோதே பின்வாங்கியது. மேலே போகலாம்.

நெஸ்லேயைச் சொன்னால் "1977-லிருந்து புறக்கணிக்கிறார்கள், நெஸ்லே இன்னும் இருக்கிறதே" என்கிறார்கள். நெஸ்லே மறைய வேண்டும் என்று யார் கேட்டது? ஏழைத் தாய்மார்களிடம் தாய்ப்பாலுக்குப் பதிலாகப் பால் மாவை விளம்பரம் செய்து தள்ளாதே என்றுதான் கேட்டார்கள். 1981-ல் உலகச் சுகாதாரப் பேரவையில் தாய்ப்பால் மாற்றுப் பொருட்களை விற்பதற்கான விதிமுறை 118 நாடுகளின் ஆதரவோடு நிறைவேறியது. எதிர்த்த ஒரே நாடு அமெரிக்கா. 1984-ல் விதியைக் கடைப்பிடிப்பதாக நெஸ்லே ஒப்புக்கொண்ட பிறகு புறக்கணிப்பை நிறுத்தினார்கள். சொன்னபடி நடக்கவில்லை என்று 1988-ல் திரும்பத் தொடங்கினார்கள். பேரம் என்று நான் சொல்வது இதைத்தான். ஒப்புக்கொண்டால் நிறுத்து, மீறினால் தொடங்கு. அந்த விதிமுறை இன்றைக்கும் இருக்கிறது. பல நாடுகளில் சட்டமாகவே இருக்கிறது.

"தொழிலாளிகளின் வயிற்றில் அடிக்கிறீர்கள்" என்பது மட்டும்தான் என்னைக் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வைக்கும் கேள்வி. இதற்கு எனக்கு முழுப் பதில் இல்லை. ஆனால் ஒன்று கவனித்திருக்கிறேன். வரலாற்றில் பலமுறை, அடிபடப் போகிறவர்களே வாங்காதீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். கலிபோர்னியாவில் திராட்சை பறித்தவர்கள்தான் திராட்சை வாங்காதீர்கள் என்றார்கள். 1965-ல் வேலைநிறுத்தம், 1970-ல் ஒப்பந்தம். தென்னாப்பிரிக்கப் பொருட்களை வாங்காதீர்கள் என்று 1959-ல் வெளி உலகத்திடம் கேட்டவர், நிறவெறி ஆட்சியை எதிர்த்த அதே நாட்டின் கறுப்பினத் தலைவர் ஆல்பர்ட் லுத்துலி. அவர்கள் கேட்காத இடத்தில் நாமாக முடிவு செய்யும்போது தயங்க வேண்டும், சரி. ஆனால் இந்தக் கேள்வியைத் தோழியிடம் கேட்டவர், அந்தக் கம்பெனி ஆட்களை வேலையை விட்டு அனுப்பியபோது ஒரு வரி எழுதினாரா? நான் போய்த் தேடிப் பார்த்தேன். எழுதவில்லை.

எனக்கு வலிப்பது இங்கேதான். கம்பெனி செய்ததைப் பற்றி அந்தப் படத்தைப் போட்டவருக்கு ஒரு கருத்தும் இல்லை. சிரித்தவர்களுக்கும் இல்லை. அவர்களுக்கு இருந்த ஒரே கருத்து அவளைப் பற்றி. ஒருத்தி தன்னால் முடிந்த ஒரு காரியத்தை எடுத்துச் சொன்னால், அது போதாது என்று நிரூபிப்பதில் இவ்வளவு சுறுசுறுப்பு எங்கிருந்து வருகிறது? ஒன்றும் செய்யாதவனிடம் யாரும் வந்து நீ முழுமையாகச் செய்யவில்லை என்று சொல்வதில்லை. செய்ய முயன்றவளிடம்தான் கணக்குக் கேட்கிறோம். ரொம்ப நாளாக இதைப் பார்க்கிறேன். தண்ணீரைப் பற்றிப் பேசினால் நீ குளிப்பதில்லையா, மரத்தைப் பற்றிப் பேசினால் நீ காகிதத்தில் எழுதுவதில்லையா. நீங்கள் அறிவாளிகள்தான், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் அறிவு முழுக்க எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்திருப்பதை நீங்கள் கவனித்ததே இல்லையா? அவள் நேற்று இரவு தன் பதிவை எடுத்துவிட்டாள். உங்களில் சிலர் அதைக்கூட வெற்றியாக எண்ணியிருப்பீர்கள்.

உள்பெட்டியில் சிலர் அப்படியானால் என்னதான் செய்வது என்று உண்மையான அக்கறையோடு கேட்டிருக்கிறார்கள். நூறு பிராண்டுகளையும் விட முயலாதீர்கள், ஒரு வாரத்தில் அலுத்துவிடும். ஒரு கம்பெனி, ஒரு கோரிக்கை, அது போதும். சத்தமில்லாமல் விடாதீர்கள், எழுதுங்கள். பிராண்டின் முகவரிக்கு ஒன்று, தாய் நிறுவனத்துக்கு ஒன்று. தாய் நிறுவனம் பங்குச் சந்தையில் இருந்தால் அதன் ஆண்டறிக்கையிலேயே முதலீட்டாளர் தொடர்புப் பிரிவின் முகவரி இருக்கும். ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு முந்தைய வாரங்களில் அங்கே எழுதுங்கள். திட்டாதீர்கள். எந்தப் பொருளை இதுவரை வாங்கிக்கொண்டிருந்தீர்கள், எதற்காக நிறுத்தினீர்கள், எது நடந்தால் திரும்ப வாங்குவீர்கள் என்ற மூன்றையும் கட்டாயம் எழுதுங்கள். அந்த மூன்றாவது இல்லாத கடிதங்களை எங்கள் பிரிவில் 'பொதுவான அதிருப்தி' என்று வகை எழுதிக் கட்டி வைத்துவிடுவோம். அது இருந்த கடிதங்கள்தான் மேலே போயின.