அந்தச் சமநிலை போராடிப் பெற்றது

கிளிநொச்சிச் சதுரங்கச் சுற்றுப்போட்டியின் கடைசி ஆட்டத்தை உங்கள் இதழில் நகர்வுகளோடு தந்ததற்கு நன்றி. ஆனால் சம பலமுள்ள இரண்டு கழக வீரர்களும் துணிவில்லாமல் சமநிலைக்கு ஒத்துக்கொண்டார்கள் என்று எழுதியிருப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

நகர்வுகளைப் பலகையில் வைத்துப் பார்த்தேன். கடைசியில் வெள்ளைக்குக் கோட்டையும் ஒரு சிப்பாயும், கறுப்புக்குக் கோட்டை மட்டும். பார்க்கிறவர்கள் வெள்ளை வென்றுவிடும் என்றுதான் நினைப்பார்கள். கறுப்பு ஆடியவர் பதறவில்லை. தன் ராஜாவைச் சிப்பாயின் வழியிலேயே மறித்து நிறுத்தினார். கோட்டையை வெள்ளைப் பக்கமிருந்து எண்ணினால் ஆறாம் வரிசையில் வைத்து, வெள்ளை ராஜாவை உள்ளே வரவிடவில்லை. சிப்பாய் அந்த வரிசைக்கு ஏறிய உடனே கோட்டை முதலாம் வரிசைக்கு இறங்கி, பின்னாலிருந்து செக் மேல் செக். வெள்ளை ராஜாவுக்கு ஒளிய இடமில்லை. பிரெஞ்சுச் சதுரங்க வீரர் பிலிடோர் 1777இல் விளக்கிய தற்காப்பு அது. கொஞ்சம் முந்தியே ஆறாம் வரிசையைக் கைவிட்டிருந்தால் பிறகு காப்பாற்றுவது பெரும்பாடு. மணிக்கூடு ஓட ஓட இதைச் சரியாகச் செய்தவரைத் துணிவில்லாதவர் என்பதா?

சோவியத் வீரர்கள் கார்ப்போவும் காஸ்பரோவும் 1984இல் தொடங்கிய உலகப் பட்டத் தொடரில் 48 ஆட்டங்களில் 40 சமநிலைதான். அதற்காக அவர்களைத் துணிவில்லாதவர்கள் என்போமா?

முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கமிருந்து பஸ் ஏறி விளையாட வருகிற பிள்ளைகளும் இதை வாசிப்பார்கள். அடுத்த முறை இப்படியான இறுதிக்கட்டத்தைப் பலகைப் படத்தோடு போடுங்கள். இருவருக்கும் கடைசியில் எத்தனை நிமிடம் மிஞ்சியிருந்தது என்பதையும் தயவுசெய்து சேருங்கள்.