‘விண்கலக் கேப்டன் உரிமம்’ என்று ஒன்று இல்லை

ஐ.நா.வில் பெயரைப் பதிந்துகொண்டால் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் ‘விண்கலக் கேப்டன் உரிமம்’ வழங்கும் என்று, சிறகுச் சின்னத்தின் படத்தோடு வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் செய்தி தவறானது. அறிபுனைக் கதைக்கு அது பொருந்தலாம். நடப்பில் அப்படியோர் உரிமமே இல்லை. அந்த நிர்வாகம் ஏவுதலுக்கான உரிமத்தை ஏவும் நிறுவனத்துக்குத்தான் தருகிறது. கலத்தை ஓட்டுபவரோ, வெளியே எதுவும் தெரியாத நிலையிலும் கருவிகளை மட்டுமே பார்த்துப் பறக்கும் தகுதி குறிக்கப்பட்ட விமானி சான்றிதழைக் கையோடு வைத்திருக்க வேண்டும் என்கிறது அதன் விதித் தொகுப்பின் 460ஆம் பகுதி. படத்திலுள்ள சிறகுகள் வெறும் கௌரவச் சின்னம். அவற்றை வழங்கும் திட்டமும் 2021 இறுதியோடு நிறுத்தப்பட்டுவிட்டது. விண்ணில் ஏவப்படும் பொருள்களைப் பதிவுசெய்வது குறித்த 1975ஆம் ஆண்டு பன்னாட்டு உடன்படிக்கையின்படி, வியன்னாவிலுள்ள ஐ.நா. விண்வெளி விவகார அலுவலகம் பேணும் பதிவேட்டில் ஏறுபவை கலங்கள்தாம், ஆட்கள் அல்லர். அந்த விவரத்தையும் பதிவுசெய்யும் நாடே அனுப்ப வேண்டும். விதியும் பதிவேடும் அவ்விரு அமைப்புகளின் இணையதளங்களில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. இச்செய்தி வந்தால், தயவுசெய்து மேலும் பகிர வேண்டாம்.