செட்டுக்கு முன்னால் வயரைப் பாருங்கள்

பழைய படகில் பாட்டு செட், டிவி மாற்றுவது பற்றி நீங்கள் போட்ட கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் எந்த செட், எத்தனை வாட் என்றே பாதிக்கு மேல் போய்விட்டது. வயரிங் பற்றி ஒரே வரி. திருநெல்வேலிக் கடற்கரையில் எங்கள் உவரிப் பக்கம் காசு வீணாவதே அங்கேதான் சார்.

மச்சானின் ஃபைபர் படகில் கார் செட் ஒன்றை மாட்டினோம். ஆறே மாதத்தில் பாட்டு விட்டு விட்டு வந்தது. செட்டைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். வயரின் தோலைச் சீவிப் பார்த்தால், முனையில் பச்சைப் பூத்து, உள்ளே செம்பு ஒரு சாண் நீளத்துக்குக் கருத்துக் கிடந்தது. தொட்டதும் உதிர்ந்தது. உப்பு அவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது! அப்புறம் வெள்ளீயம் பூசிய செம்பு வயர் இழுத்து, பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ் போட்டோம். செட் அதேதான், இன்றும் பாடுகிறது.

டிவி வைப்பவர்கள் தனி பேட்டரி வையுங்கள். 60 வாட் டிவி 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும். ராத்திரி நான்கு மணி நேரம் ஓடினால் பேட்டரியில் 20 ஆம்பியர்-மணி சார்ஜ் போச்சு. விடியற்காலையில் நடுக்கடலில் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாவிட்டால் யாரைக் கூப்பிடுவது?

ஸ்பீக்கரைத் திசைகாட்டியை விட்டுத் தள்ளி மாட்டுங்கள், காந்தம் முள்ளை இழுத்துவிடும். மட்டமான எல்இடி விளக்கும் சார்ஜரும் மத்திய அலை ரேடியோவில் இரைச்சலைக் கிளப்பும். வானிலைச் செய்தி நேரத்திலாவது அவற்றை அணைத்துவிடுங்கள்.