ஒரு சோறு, ஒரு வெஞ்சனம் போதும்

வேலைக்குப் போற பொண்ணுங்க இப்பல்லாம் சமைக்கிறதே இல்ல, எதுக்கெடுத்தாலும் போன எடுத்து ஆர்டர் போட்டுருதாங்கன்னு அடிக்கடி ஒரு பேச்சு கேக்கேன். எனக்கு இதுல சொல்ல நெறைய இருக்கு, பதிவு நீளம்தான், பொறுமையா வாசிங்க.

சமையல் இன்னைக்கு பாரமா தெரியுதுன்னா அதுக்கு சோம்பேறித்தனமும் காரணம் இல்ல, சமைக்கத் தெரியாததும் காரணம் இல்ல. தினம் தினம் சாம்பார், ரசம், ஒரு கூட்டு, ஒரு பொரியல், அப்பளம், மோருன்னு முழு இலைச் சாப்பாட்ட எதிர்பாக்கிற பழக்கம்தான் காரணம். காலைல ஏழரைக்கு பஸ் பிடிக்க ஓடுற வீட்டுல அது எப்படி நடக்கும்? நடக்கணும்னா அந்தப் பொண்ணு நாலு மணிக்கு எந்திரிக்கணும், முடியாத அன்னைக்கு ஓட்டல்தான். இந்த ரெண்டுல ஏதாவது ஒண்ணத்தான் எடுக்கணும்ங்கிற மாதிரியே எல்லாரும் பேசுறோம்.

ஆனா நம்ம திருநெல்வேலிச் சீமையில ரெண்டுக்கும் நடுவுல ஒரு வழி எப்பவுமே இருந்துச்சு. ஒரு சோறு, அதுக்குத் தொட்டுக்க ஒரு வெஞ்சனம். அம்புட்டுதான். அம்பாசமுத்திரம் பக்கம் காரு, பிசானம்னு நெல்லு வெளையிற ரெண்டு போகமும் வயல்ல நின்ன பொம்பளைங்களுக்கு அஞ்சு வகை வைக்க எங்க நேரம் இருந்துச்சு? அவங்க பொங்கிப் போட்டுட்டுப் போன சோத்துலதான் நம்ம தாத்தாமார் எல்லாம் வளந்தாங்க. முழு இலைச் சாப்பாடு கல்யாணத்துக்கும் பொங்கலுக்கும் உள்ளது, அத செவ்வாக்கிழமைக்கும் புதன்கிழமைக்கும் இழுத்துட்டு வந்தது நாமதான்.

உளுந்தஞ்சோத்துல இருந்தே ஆரம்பிக்கேன், ஏன்னா சமையலே தெரியாதவங்களுக்கும் முத தடவையே சரியா வர்றது இதுதான். ஒரு டம்ளர் அரிசி, அரை டம்ளர் ஒடச்ச தொலி உளுந்து, முழுசா ஒரு கட்டி வெள்ளப்பூடு உரிச்சது, அரை ஸ்பூன் வெந்தயம், ஒரு ஸ்பூன் சீரகம், ஒரு துண்டு சுக்கு தட்டிப் போட்டுக்கணும், அரை மூடி தேங்கா துருவினது, கல்லுப்பு, தண்ணி நாலு டம்ளர். குக்கர்ல நாலு விசில். வேற ஒண்ணுமே இல்ல, தாளிப்பு கூட வேண்டாம், எண்ணெய் கூட எறக்கின பெறகு தட்டுல ஊத்திக்கிற நல்லெண்ணெய் மட்டுந்தான்.

இதுல கவனமா செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு, உளுந்த வறுக்கிறது. வெறும் சட்டியில, சின்ன தீயில, கை விடாம கிண்டணும். மேல கறுப்புத் தொலி இருக்கிறதால செவந்துட்டான்னு பாத்தா தெரியாது, ஒடஞ்ச பக்கத்த திருப்பிப் பாருங்க, அந்த வெள்ளப் பக்கம் லேசா பொன்னிறத்துக்குத் திரும்பும், அதே நேரத்துல வாசம் அடுப்படிய விட்டு முன் ரூமுக்கு வந்துரும். அப்ப எறக்கிரணும். அதுக்கு மேல விட்டா கசப்பு வந்துரும், வறுக்காம போட்டா பச்ச வாடை, அப்புறம் சோறு பசை மாதிரி ஒட்டிக்கிடும். வறுத்தத கழுவும்போது கொஞ்சம் தொலி மிதந்து வரும், அதை அழுக்குன்னு நெனச்சு வடிச்சுக் கொட்டிராதீங்க, நார்ச்சத்து அதுலதான் நெறைய இருக்கு.

அரிசி எது வேணாலும் போடலாம். என்னைக் கேட்டா அம்பை 16. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்துல இருந்து 1986ல வந்த ரகம், குண்டு அரிசி, நெறைய பேரு இட்லிக்குன்னே வாங்குவாங்க, உளுந்தஞ்சோத்துக்கும் பிரமாதமா குழைஞ்சு வரும். பிரியாணிக்கு வாங்கின பாசுமதிய மட்டும் இதுல போடாதீங்க, அது ஒதிரி ஒதிரியா நிக்கும், இந்தச் சோறு கொழகொழன்னு இருந்தாத்தான் ருசி.

இதுக்கு வெஞ்சனம் எள்ளுத் துவையல். கறுப்பு எள்ள வறுத்தா படபடன்னு பொரியும், பொரிஞ்சு அடங்குனதும் எறக்கிட்டு, அதே சட்டியில நாலு மிளகா வத்தல், ஒரு கோலிக்குண்டு அளவு புளி, ரெண்டு பல்லு பூடு, ஒரு கைப்பிடி தேங்கா, உப்பு. தண்ணி தெளிச்சு தெளிச்சுத்தான் அரைக்கணும், ஊத்தி அரைச்சா சட்னி ஆயிரும். முடிஞ்சுது. ஒரே அடுப்பு, ஒரு குக்கர், ஒரு சட்டி, ஒரு மிக்ஸி ஜார், தேய்க்க வேண்டிய பாத்திரம் அவ்வளவுதான். வறுக்கிறத முன்னாடியே முடிச்சுட்டா, குக்கர் விசில் அடிக்கிற நேரத்துக்குள்ள துவையல அரைச்சிரலாம்.

சத்துக்கு இது போதுமான்னு கேப்பீங்க. நல்லாவே போதும். 100 கிராம் உளுந்துல 20 கிராமுக்கு மேல புரதம் இருக்கு. அரிசியில கொறையா இருக்கிற லைசின்ங்கிற புரதக்கூறு பருப்புல இருக்கு, பருப்புல கொறையா இருக்கிற மெத்தியோனின்ங்கிற கூறு அரிசியில இருக்கு, அதனால ரெண்டையும் சேத்துச் சாப்பிடும்போதுதான் ஒடம்புக்கு முழுசா பயன்படுது. ஹைதராபாத்ல இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல வெளியிட்ட உணவு வழிகாட்டியிலயும் தானியம் மூணு பங்குக்கு பருப்பு ஒரு பங்குன்னு சேத்துக்கச் சொல்லியிருக்காங்க. நம்ம ஆச்சிமார் கை அளவு அதை விட தாராளம். பெரிய மனுஷி ஆன பிள்ளைக்கு உளுந்தங்களி கிண்டி, நல்லெண்ணெயும் கருப்பட்டியும் போட்டுக் குடுத்த வீடுகள் நம்ம வீடுகள். அந்த உளுந்து வயசுக்கு வந்த பிள்ளைக்கு மட்டுமா வேணும், நாப்பது வயசுல முதுகு வலிக்குதுன்னு சொல்ற அம்மாவுக்கும்தான் வேணும்.

அடுத்தது கூட்டாஞ்சோறு. இதுக்கு நான் கணக்கே சொல்ல மாட்டேன், ஏன்னா வீட்டுல என்ன காய் கெடக்கோ அதான் கணக்கு. ரெண்டு கத்தரிக்கா, பாதி வாழக்கா, நாலு சீனியவரக்கா, ஒரு முருங்கக்கா, கெடச்சா ஒரு துண்டு மாங்கா, கடைசியில ரெண்டு கை முருங்கக்கீரை. அரிசியும் துவரம்பருப்பும் காயும் ஒண்ணா வேகும்போது, தேங்கா, சீரகம், மிளகா வத்தல், நாலு உள்ளி (சின்ன வெங்காயம்) வச்சு கரகரன்னு அரைச்சு, கொஞ்சம் புளித்தண்ணியோட ஊத்தி விட வேண்டியதுதான். உள்ளியப் போட வேண்டிய எடத்துல பல்லாரி, அதான் பெரிய வெங்காயத்தப் போட்டா இனிப்பு தட்டும், உள்ளிதான் சரி. மேல வடகத்த பொரிச்சு நொறுக்கிப் போட்டா வேற வெஞ்சனமே தேட வேண்டாம். பிரிட்ஜ் கீழ் தட்டுல வாடிப்போய் ஒவ்வொண்ணா கெடக்கிற காயெல்லாம் ஒரே நாள்ல காலி ஆகும். மழ நேரத்துல காய் வெல ஏறும்போது இந்தச் சோறு எவ்வளவு கை குடுக்கும்னு மாசச் சம்பளத்துல குடும்பம் நடத்துறவங்களுக்குத் தெரியும். பாளையங்கோட்டை மகாராஜநகர் உழவர் சந்தையில காலைலயே போனா கீரை கட்டுக்கட்டா புதுசா கெடைக்கும், கொல்லையில மரம் நிக்கிற வீட்டுக்கு அதுவும் தேவையில்ல.

கீரை சாப்பிட்ட கையோட காப்பி, டீ குடிக்காதீங்க, காப்பி, டீயில உள்ள சில பொருளுங்க கீரையில உள்ள இரும்புச்சத்த ஒடம்புல சரியா சேர விடாது. ஒரு மணி நேரமாவது போகட்டும். நம்ம ஊருல சாப்பாடு முடிஞ்சதும் காப்பி குடிச்சே ஆகணும்னு இருக்கிற பழக்கத்த கீரை நாள்லயாவது மாத்திக்கணும்.

இப்ப ஒண்ணு சொல்லுதேன், யோசிச்சுப் பாருங்க. நம்ம ஊரு விருந்துலயே பெரிய விருந்து எது? மறுவீட்டுச் சொதிச் சாப்பாடு. மாப்பிள்ள வீட்டாளுங்களுக்கு போடுற சாப்பாடு அது, கௌரவப் பிரச்சினை. அந்த இலையில என்ன இருக்கு? சோறு, தேங்காயில மூணு பால் எடுத்து பாசிப்பருப்பும் காயும் போட்டு வச்ச சொதி, இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு கறி. சாம்பாரு எங்கன்னு அன்னைக்கு யாராவது கேக்காங்களா? ரசம் எங்கன்னு கேக்காங்களா? தேங்காப்பாலு வயித்துக்கு கனமா இருக்கும்னு தெரிஞ்சு, இஞ்சிய பக்கத்துலயே வச்சிருக்காங்க, எலுமிச்சம்பழச் சாற அடுப்ப அணைச்ச பெறகு ஊத்துறாங்க, ஒரே ஒரு கொழம்பு, அதையே நெனச்சு நெனச்சு பேசுறோம். சம்பந்தி வீட்டுக்கே ஒரு கொழம்பும் ஒரு துவையலும் போதும்னா, சாதாரண நாள்ல ஆபீஸ் போயிட்டு வந்த மனுஷங்களுக்கு ஏன் போதாது?

போதாதுன்னு சொல்றது வயிறு இல்ல, பழக்கம். "என்ன, இன்னைக்கு ரசம் வைக்கலயா?"ன்னு தட்டு முன்னால ஒக்காந்து கேக்கிற ஒரு கேள்வி இருக்கே, அது சாதாரணக் கேள்வியா தெரியும், ஆனா அடுத்த நாள் ஒரு பொம்பளை அரை மணி நேரம் முன்னால எந்திரிக்கிறது அந்தக் கேள்வியாலதான். மாமியாரா இருந்தாலும் சரி, மாமனாரா இருந்தாலும் சரி, கட்டினவரா இருந்தாலும் சரி, அந்தக் கேள்விய விட்டுருங்க. வெரும்பினா நீங்களே அடுப்படிக்குப் போயி நல்லமிளகும் சீரகமும் பூடும் தட்டிப் போட்டு புளியக் கரைச்சு ஒரு ரசம் வைங்க, பத்து நிமிசம்தான், கொதிக்க விடாம நொர கட்டும்போது எறக்கணும்.

வீட்டு ஆம்பளப் பிள்ளைங்களுக்கு இத கட்டாயம் சொல்லிக் குடுக்கணும். எங்க அண்ணன் மகன் கோயம்புத்தூர்ல ரூம் எடுத்து இருக்கான், அவன் கைல ஒரு சின்ன குக்கரும் மிக்ஸியும்தான் உண்டு. ஒரு நாள் ராத்திரி போன் பண்ணி "அத்தே, இங்க தொலி உளுந்து கெடைக்கல, வெள்ள உளுந்து போடலாமா?"ன்னு கேட்டான். "போடலாம் மக்கா, ஆனா ருசி பாதிதான் வரும், அடுத்த தடவ ஊருக்கு வந்தா ஒரு கிலோ கொண்டு போ"ன்னேன். கொண்டு போனான். இப்ப அவன் ரூம்ல உள்ள பயலுவளும் சேந்து வாரத்துல ரெண்டு நாள் அதத்தான் பொங்குதானுவ. பரோட்டாவுக்கு குடுக்கிற துட்டுல மிச்சமும் உண்டு.

வீடியோவுல பாரம்பரிய சமையல்னு விறகடுப்பு, மண்சட்டி, அம்மி, ஒரலு எல்லாம் வச்சுக் காட்டுறாங்க. பாக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா புதுசா சமைக்கப் போறவங்க அத பாத்து பயந்துபோயி, அம்மி இல்லாட்டா துவையலே கெடையாதுன்னு நெனச்சுக்கிடுறாங்க, அதுதான் எனக்கு வருத்தம். அம்மியில அரைச்சா ருசி கூடத்தான், மறுக்கல. அதுக்காக மிக்ஸியில அரைச்ச துவையல வேண்டாம்னு சொல்லிட்டு பாக்கெட்டுல அடைச்ச பொடிய கரைச்சுக் குடிக்கிறதுல என்ன நியாயம் இருக்கு? மிக்ஸிய விட்டு விட்டு ஓட்டுங்க, ஓரத்த வழிச்சு விடுங்க, கரகரப்பு அப்படியே கெடைக்கும்.

அப்பளத்த மட்டும் வெஞ்சனக் கணக்குல சேக்காதீங்க. கல்லிடைக்குறிச்சி அப்பளம்னா எனக்கும் உசுருதான், ஆனா அப்பளம், வத்தல், ஊறுகா எல்லாம் உப்பு. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள்ள உப்பு போதும்னு சொல்லுது, அது ஒரு டீஸ்பூன் கூட வராது. துவையல், காணப்பயறு (கொள்ளு) சுண்டல், ஒரு கீரைக் கடைசல், தயிர்ல போட்ட வெள்ளரிக்கா, இதுல ஏதாவது ஒண்ணு தட்டுல இருந்தா அதுதான் வெஞ்சனம். தைப்பொங்கல் சமயத்துல வர்ற சிறுகிழங்க விட்டுராதீங்க, தொலி எடுக்க மலைப்பா இருந்தா சாக்குல போட்டு நல்லா தேய்ச்சா மண்ணும் தொலியும் ஒண்ணா போயிரும், உப்பும் மஞ்சளும் போட்டு அவிச்சு தேங்கா போட்டு தாளிச்சா வேற எந்தக் கறியும் பக்கத்துல நிக்காது. பொங்கலுக்கு மறுநாள் மிஞ்சின கொழம்பும் அவியலும் சேத்து சுண்ட வைக்கிற சுண்டக்கறிக்கு பழையசோறுதான் ஜோடி, அதுக்கு நான் தனியா வக்காலத்து வாங்கத் தேவையில்ல.

ராத்திரி இட்லி தோசைக்கு தினமும் ஒரு சட்னி அரைக்க முடியலன்னு சொல்றவங்களுக்கு புளிமிளகா. ஒரு கை நெறைய பச்சமிளகாய கீறி நல்லெண்ணெய்ல வெளுக்க வதக்கி, கெட்டியா கரைச்ச புளி, மஞ்சப்பொடி, உப்பு, ஒரு துண்டு கருப்பட்டி போட்டு எண்ணெய் பிரியிற வரைக்கும் வத்த விடுங்க. எறக்கும்போது வெந்தயமும் எள்ளும் வறுத்துப் பொடிச்சுத் தூவணும். ஞாயித்துக்கிழம ஒரு அரை மணி நேரம் செலவழிச்சு பாட்டில்ல போட்டு வச்சா அந்த வாரம் பூரா வரும், பிரிட்ஜ் கூட வேண்டாம். ஈரக் கரண்டி மட்டும் உள்ள போகக் கூடாது.