வலி குறைந்ததும் கிளினிக்கை மறந்துவிடாதீர்கள்
நுரையீரலைப் போர்த்திய இரண்டு உறைகளும் அழற்சியால் உரசி வலிக்கும் நுரையீரல் உறை அழற்சி பற்றி வந்த கட்டுரை நன்று. ஆனால் வைரஸ் காய்ச்சலோடு வந்தால் ஓய்விலும் வலி மாத்திரையிலும் போய்விடும் என்ற பகுதியைத்தான் நம் இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்ட ஆட்கள் பிடித்துக்கொள்வார்கள். இதே அழற்சி காசநோயாலும் வரலாம், அதற்குக் கட்டுரையில் ஒரே ஒரு வரி. காற்றோட்டமில்லாத லயத்துக் காம்பராவில் (தோட்டத்து வரிசை வீட்டு அறையில்) ஐந்தாறு பேர் நெருக்கிப் படுக்கும் இடத்துக்கு அது போதாது.

இங்கே மூச்சை இழுக்கும்போது விலாவில் கத்தி மாதிரி குத்தினால் முதலில் சொல்வது வாயுப்பிடிப்பு. இல்லாவிட்டால் கொழுந்து மூட்டை தூக்கியதில் பிடித்துக்கொண்டது என்பார்கள். தைலம் தேய்த்து, பெனடோல் வலி மாத்திரை போட்டு, கொழுந்து பறிக்க மலைக்குப் போய்விடுவார்கள். போகாவிட்டால் பேர் விழாதே, அன்றைய சம்பளம் போய்விடுமே!

கட்டுரையில் விடுபட்ட ஒன்று: உரசிக்கொண்டிருந்த இரண்டு உறைகளுக்கும் நடுவே நீர் சேர்ந்தால் அவை விலகிவிடும், குத்தும் குறையும். சரி, தைலம் வேலை செய்துவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். ஆனால் மேடு ஏறினால் மூச்சு வாங்கும். அப்போதாவது எக்ஸ்ரே எடுக்க வேண்டும். உறையில் மட்டும் காசநோய் இருந்தால் சளிப் பரிசோதனையில் பெரும்பாலும் தெரியாது. அந்த நீரை ஊசியால் எடுத்துப் பார்ப்பார்கள். அரச மார்பு நோய் கிளினிக்கில் மருந்து இலவசம், வழக்கமாக 6 மாதம். இரண்டாம் மாதமே உடம்பு தேறிவிடும், அங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள்.

அப்புறம், குத்தும் மூச்சுத்திணறலும் திடீரென்று சேர்ந்து வந்தாலோ, இருமலில் இரத்தம் வந்தாலோ நுரையீரலில் இரத்தக்கட்டி அடைத்திருக்கலாம். தோட்டத்து லொறிக்காகக் காத்திருக்காமல் 1990 என்ற எண்ணுக்கு அழைத்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், அதுவும் இலவசம்தான்.